கிரீனிச் வாசலில் கிடைத்த பெயர்

1988 ஜூலையில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போது அப்பா என்னிடம் இரண்டு பொறுப்புகளைத் தந்திருந்தார். லண்டனில் இறங்குவதற்கு முன் என் கைமணிக்கூட்டை ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும் என்பது ஒன்று. தம்பியின் மனைவியிடம் நல்லமாதிரிப் பேசி, பிறந்திருக்கும் மகளுக்கு ‘டி’, ‘டு’, ‘டே’, ‘டோ’ என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும் பெயரை வைக்கச் சம்மதிக்கப் பண்ண வேண்டும் என்பது மற்றது. முதலாவதை விமானத்திலேயே முடித்துவிட்டேன். இரண்டாவதை எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். எங்கள் வீட்டில் சோறு பிந்தினாலும் மணிக்கூடு பிந்தாது. வேலையை விட்டபிறகு பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் சாதகம் அவர்தான் எழுதுவார். பிறந்த நேரத்தை வைத்து நட்சத்திரம் பார்ப்பதும், அந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் பெயர் வைப்பதும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கப்பல் ஏறினாலும் கழலாத வழக்கம். தம்பி குலேந்திரன் தொலைபேசியில், “பெட்டைப் பிள்ளை அப்பா, விடியக்காலமை அஞ்சரைக்குப் பிறந்தது” என்று சொன்ன அன்றே அப்பா கணக்குப் பார்த்துவிட்டார். நட்சத்திரம் ஆயில்யம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏனென்றால் என்னுடைய நட்சத்திரமும் அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. எனக்குப் பேசிவந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகம் பார்க்கும்வரை நன்றாகத்தான் இருந்தன. பார்த்த பிறகு ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொரு சாட்டு. இப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. வங்கியில் வேலை, வெள்ளவத்தையில் அப்பாவோடு சீவியம். அழுது முடித்து நெடுநாளாகிவிட்டது.

ஹீத்ரோவில் வெளியே வந்தபோது என் மணிக்கூட்டில் ஆறே கால். குலேந்திரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி நின்றான்.

“என்னடா, இந்த விடியவெள்ளனவே வந்திட்டாய்?”

“ஏழே காலாகுது அக்கா. உங்கடை மணிக்கூடு பிந்துது போல.”

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். விமானத்தில் அரைத் தூக்கத்தில் திருகியதில் பிழை விட்டிருப்பேன் என்று நினைத்தேன். ஆனாலும் அப்பா சொன்னபடி வைத்ததை மாற்ற மனம் வரவில்லை. ஒன்றைக் கூட்டி வாசித்துக்கொண்டால் போயிற்று என்று விட்டுவிட்டேன். இந்தப் பிடிவாதத்தை நினைத்துப் பிறகு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அது பின்னால் வரும்.

நிலக்கீழ் ரயிலில் பின்ஸ்பரி பார்க் வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அங்கே மாறி வேறொரு பாதையில் கடைசித் தரிப்பிடம், தம்பியின் வீடு இருக்கும் வால்தம்ஸ்டோ. வழி முழுவதும் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. கொழும்பில் ரயில் ஏறினால் பாணந்துறைக்கு முன்பே பக்கத்தில் இருப்பவரின் சம்பளம் தெரிந்துவிடும். இங்கே எனக்கு எதிரே இருந்த பெண்மணி, என் பெட்டி அவள் காலில் இடித்ததற்கு அவளே மன்னிப்புக் கேட்டாள்.

குலேந்திரன் தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறான். அங்கே அவனைக் கொலின் என்று கூப்பிடுகிறார்களாம். “வாயிலை வந்ததைக் கூப்பிடட்டும், சம்பளம் சரியாத்தானே வருது” என்றான். அவன் மனைவி சூசன் தாதி. வேல்சின் மேற்கே கார்மார்தன் பக்கத்துக் கிராமத்துப் பெண். முறைப்படி நான் அவளுக்கு மச்சாள். ஆனால் தம்பி கூப்பிடுவதைக் கேட்டு அவளும் ‘அக்கா’ என்றே பழகிவிட்டாள். கதவைத் திறந்ததும் குழந்தையை என் கையில் தந்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். குழந்தைக்கு அப்போதும் பெயர் இல்லை. தகப்பன் ‘குட்டி’ என்றான். தாய் ‘கரியாட்’ என்றாள். வேல்ஸ் மொழியில் செல்லமே என்பது போலவாம். இரண்டுக்கும் அது ஒரேமாதிரித்தான் கண்ணைத் திறந்து பார்த்தது.

மறுநாள் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவு. வீடு கழுவி, ஐயரைக் கூப்பிட்டு, குழந்தைக்கு அரைநாண் கட்டினோம். லண்டனின் பார்க்கிங் பகுதியில் இருந்தும் சவுத்தாலில் இருந்தும் வந்த சொந்தக்காரர்கள் வாசலில் சப்பாத்துக் கழற்ற முன்பே கேட்டது பெயரைத்தான். பெயர் இன்னும் இல்லை, எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றதும் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. டிலக்சனா, டிசானி, டேனுகா, டோஜிதா என்று ஏலத்தில் விலை கூறுவது போல ஆளுக்கொன்றாய்ச் சொன்னார்கள்.

சூசன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “அழகாக இருக்கின்றன. இவற்றுக்கு என்ன பொருள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கடைசியில் பார்க்கிங் மாமிதான் துணிந்தார். “பொருள் கிடக்கட்டும் பிள்ளை. எண்சாத்திரப்படி கூட்டிப் பாருங்கோ, நல்ல அஞ்சிலை வருது.”

அடுத்த நாள் காலையில் குலேந்திரன் வேலையால் வந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் சூசனிடம் கதையைத் தொடங்கினேன். நாங்கள் இருவரும் பேசுவது ஆங்கிலத்தில்தான். அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

“பிள்ளை வருகிறதென்று தெரிந்தபோதே பேசி முடித்த விஷயம் இது. பையன் என்றால் தமிழ்ப் பெயர், பெண் என்றால் வேல்ஸ் பெயர். நான் வேறொன்றும் கேட்கவில்லை. என் வீட்டில் நாய்க்குக்கூட வேல்ஸ் மொழியில்தான் ஏச்சு விழும். ஆனால் எனக்குச் சூசன் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலப் பெயர் என்றால் லண்டனில் வேலை கிடைக்கும் என்று நினைத்தார்கள். கிடைத்தது. ஆனால் இத்தனை வருடத்தில் என் பெயரைக் கேட்டு, நீ எந்த ஊர் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.”

“என்ன பெயர் நினைத்திருக்கிறாய்?”

“ஹேல்வென். வெய்யில் என்று பொருள். அதற்கு முந்தி ஒரு கிழமையாக மழை. இவள் பிறந்த விடியலில்தான் ஜன்னலுக்குள்ளால் முதல் வெய்யில் விழுந்தது. நான் இவளைப் பார்க்க முதல் அதைத்தான் பார்த்தேன்.”

‘டி’யிலும் ‘டே’யிலும் வேல்ஸ் பெயர்கள் இல்லாமலில்லை. டிலிஸ் என்றால் உண்மையானவள், டெலித் என்றால் வடிவானவள் என்று அவளே சொன்னாள். நல்ல பெயர்கள்தாம், ஆனால் அவை இவளுடைய பெயர் இல்லை என்றாள். எழுத்து அப்பாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று விளங்க, என் நட்சத்திரக் கதையைச் சொன்னேன். அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்படியானால் எந்த மாமியாருக்காவது ஏதாவது நடந்ததா?”

“யாருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.”

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் என் தோளில் கையை வைத்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, சூசன் வேறு பெயர் சொல்கிறாள், விட்டுவிடுவோமே என்றேன்.

“உனக்கு நான் எழுத்துப் பாராமல் பத்மினி எண்டு ஆசைக்குப் பேர் வைச்சனான்” என்றார் அப்பா. “அதுக்குப் பிறகு நீ பட்டதைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். எழுத்தாவது சரியா இருக்கட்டும் பிள்ளை. அதை விட்டிட்டு வேறை பேர் வைச்சால் வைக்கட்டும். என்ரை வாயாலை அந்தப் பேரைச் சொல்ல மாட்டன்.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா சொன்னால் சொன்னதுதான். இந்த நாட்டில் குழந்தை பிறந்து ஆறு கிழமைக்குள் பெயரைப் பதிய வேண்டும். அடுத்த திங்கள் போவதென்று ஏற்பாடு. சூசன் விட்டுக்கொடுத்தால் மகளைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவள் மனம் நோகும். விட்டுக்கொடுக்காவிட்டால், தன் பேத்தியின் பெயரைச் சொல்லாத அப்பாவோடு நான் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். நடுவில் குலேந்திரன் ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

புதன்கிழமை அவனுக்கு ஓய்வு. வீட்டில் எல்லோரும் முகத்தை நீட்டிக்கொண்டிருப்பதைவிட எங்கேயாவது போகலாம் என்று நான்தான் சொன்னேன். “கிரீனிச்சுக்குப் போவம். வானொலியிலை கிரீனிச் நேரம் எண்டு சொல்லக் கேட்டுத்தான் அப்பா வீட்டு மணிக்கூட்டைத் திருத்துறவர். அந்த இடத்தைப் பாக்காமல் போனால் என்னை வீட்டுக்குள்ளை விடமாட்டார்.”

காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். 69ஆம் இலக்க பஸ்ஸில் ஸ்ட்ராட்போர்ட். குழந்தை வண்டியை மடித்தால்தான் ஏற்றுவேன் என்றார் சாரதி. மடிக்கத் தெரியாமல் குலேந்திரன் படியில் நின்று தத்தளிக்க, அவரே இறங்கி வந்து காலால் ஒரு தட்டுத் தட்டி மடித்துக் கொடுத்தார். “எனக்கு நாலு பிள்ளைகள்” என்று சொல்லிவிட்டுப் போய் ஆசனத்தில் ஏறிக்கொண்டார்.

ஸ்ட்ராட்போர்டில் இருந்து புதிதாக ஓடவிட்டிருக்கும் சின்ன ரயில். மூன்று மாடி உயரத்தில், பழைய துறைமுகத்துக்கு மேலால் போகிறது. இதற்குச் சாரதியே இல்லை. முன் ஆசனத்தில் நானும் சூசனும் குழந்தையும் இருக்க, எங்களுக்கு முன்னால் வெறும் கண்ணாடியும் தண்டவாளமும். அப்பா கண்டிருந்தால் கொடியை எடுத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்திருப்பார். கீழே தண்ணீரும் பாரந்தூக்கிகளும், இடித்துப் போட்ட கிடங்குகளும். கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் தேம்ஸ் நதி, அக்கரையில் கிரீனிச்.

ஆற்றைக் கடக்கப் படகு இல்லை; ஆற்றுக்கு அடியால் நடக்க வேண்டும். மரப்பலகை அடித்த பெரிய லிப்டில் கீழே இறங்கி, வெள்ளை ஓடு பதித்த குழாய் போன்ற வழியால் கால் மைல் நடந்தோம். அதற்குக் காசு வாங்குவதில்லை. தலைக்கு மேலே ஆறு ஓடுகிறது என்பதை நான் நினைக்காமல் நடந்தேன். குலேந்திரன் வேண்டுமென்றே அதை நினைவூட்டினான்.

அக்கரையில் தேநீர் குடித்துவிட்டுப் பூங்காவின் மேட்டில் ஏறினோம். ஏற்றத்தில் நன்றாகவே மூச்சு வாங்கியது. உச்சியில் பழைய வானாய்வுக்கூடம். அதன் வாசல் மதிலில் ஒரு வட்ட மணிக்கூடு பதித்திருக்கிறது. இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கும் இலக்கம் போட்ட முகம். அதன்முன் பத்துப் பதினைந்து பேர் கையை உயர்த்தித் தங்கள் மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். பதினொன்று இருபது. என் மணிக்கூட்டிலும் பதினொன்று இருபது. நிமிடம் பிசகவில்லை.

“பாத்தியா?” என்றேன் தம்பியிடம். “வந்த நாளிலை இருந்து பிந்துது பிந்துது எண்டு சொன்னாய். உலகத்துக்கே நேரம் சொல்லுற மணிக்கூடு என்ரை பக்கம் நிக்குது.”

சூசன் சிரித்தாள். “அக்கா, இந்த ஒரு மணிக்கூட்டை மட்டும் மாற்றுவதில்லை. நாடு முழுவதும் மார்ச் கடைசியில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடுவோம். கோடையில் வெளிச்சம் வீண்போகக் கூடாதென்று. இப்போது உண்மையான நேரம் பன்னிரண்டு இருபது.”

“எல்லாருமோ?”

“எல்லாரும்தான்.”

“ஆஸ்பத்திரியிலுமா?”

அவளுக்கு நான் கேட்பது விளங்கவில்லை. குலேந்திரன் பக்கம் திரும்பினேன்.

“டேய், பிள்ளை பிறந்தது அஞ்சரை எண்டு அப்பாவுக்குச் சொன்னனீ. அது ஆஸ்பத்திரி மணிக்கூட்டு நேரமோ?”

“ஓம். வேறை என்ன நேரம்?”

“கோடைக்கு முன்னுக்குத் தள்ளினதெண்டு அப்பாவுக்குச் சொன்னனீயோ?”

அவன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். “நான் என்னத்தைக் கண்டன் அக்கா. அப்பாவுக்குத் தெரியாத நேரமோ எண்டு இருந்திட்டன்.”

அப்பாவுக்குத் தெரிந்தது கிரீனிச் நேரம். அதற்கும் இலங்கைக்கும் ஐந்தரை. அஞ்சரைக்கு அஞ்சரையைக் கூட்டிப் பதினொரு மணி என்று சாதகம் எழுதியிருக்கிறார். ஆனால் குழந்தை பிறக்கும்போது எங்கள் சாப்பாட்டறை மணிக்கூடு பத்து மணிதான் காட்டியிருக்கும். அந்த ஒரு மணித்தியாலத்தில் நட்சத்திரமே மாறியிருக்கலாம்.

மேட்டை ஏறியதைவிட வேகமாக இறங்கினோம். தெருமுனைக் கடையில் நாலு பவுணுக்கு ஒரு போன்கார்ட் வாங்கிக்கொண்டு தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டேன். வெளியே மூவரும் நின்றார்கள்.

“ஆர், பத்மினியோ? என்ன பிள்ளை இந்த நேரத்திலை? ஆருக்கும் சுகமில்லையோ?”

“எல்லாரும் சுகம் அப்பா. பிள்ளை பிறந்த மாதப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கோ. எங்கடை நேரம் பதினொண்டு இல்லை, பத்து.”

“அஞ்சரையும் அஞ்சரையும் பதினொண்டு, பிள்ளை.”

“இஞ்சை கோடையிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கினம். இப்ப வித்தியாசம் நாலரைதான்.”

கார்ட்டில் அலகுகள் குறைந்துகொண்டிருந்தன. கதிரை இழுபடுவது கேட்டது, பிறகு தாள் புரள்வது கேட்டது. மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறார் என்றும் விளங்கியது. கடைசியில் குரல் வந்தது.

“ஆயில்யம் தொடங்கினது பத்தே முக்காலுக்கு.”

“அப்ப?”

“பூசம், பிள்ளை. பூசம். நல்ல நட்சத்திரம்.” கொஞ்சம் பொறுத்து, “முப்பத்தாறு வருசம் ரயிலுக்கு நேரம் பாத்தவன்” என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

“அதுக்கு என்ன எழுத்து அப்பா?”

“ஹு, ஹே, ஹோ, டா.”

நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி அப்படியே திருப்பிச் சொன்னேன். ‘ஹே’ என்றதும் சூசன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குலேந்திரன் குழந்தை வண்டியின் கைபிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கூண்டுக்குள் நின்று நான் வாய்விட்டு அழுதேன். என்னுடைய நட்சத்திரம் இவளுக்கு இல்லை என்ற நிம்மதி அத்தனை பெரிதாக இருந்தது.

“அப்பா, பேர் ஹேல்வென்.”

“ஹேல்... என்ன?”

“வென். வெய்யில் எண்டு கருத்து.”

“வெய்யிலோ? ஆரும் வெய்யில் எண்டு பேர் வைப்பினமோ?” என்றவர், நான் ஒன்றும் சொல்லாததால், மெல்ல “ஹேல்வென்” என்றார். பிறகு இன்னொரு தடவை. கார்ட் முடிந்து தொடர்பு அறுந்தபோது மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். கொழும்பில் நாங்கள் வெய்யிலுக்குக் குடை பிடிக்கிறவர்கள், அதைத் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். லண்டனில் இரண்டு கிழமை இருந்து பார்த்தேன். மேகம் விலகினால் வேலையை விட்டுவிட்டு வந்து புல்லில் கிடக்கிறார்கள். பூங்காவில் ஒரு கிழவர் கண்ணை மூடி முகத்தை மேலே நிமிர்த்திக்கொண்டு அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தார். இந்த ஊரில் அது பெற்ற பிள்ளைக்கு வைக்கத் தகுந்த பெயர்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பதிவு. அதிகாரி பேனையைத் திறந்து பெயரைக் கேட்டார். சூசன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், அவசரப்படாமல். எழுதி முடித்ததும் அவர் தலையை நிமிர்த்தி, “வேல்ஸ் பெயரா? நீங்கள் அந்தப் பக்கமா?” என்று கேட்டார்.

“ஆம், கார்மார்தன் பக்கம்” என்றாள் சூசன். வெளியே வந்தும் வெகுநேரம் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் போகவில்லை. தகப்பன் பெயரையும் சேர்த்து ஹேல்வென் குலேந்திரன் என்று பதிந்தார்கள். கொலின் என்று கூப்பிடுகிறவர்கள் இனி இதையும் பழகட்டும்.

திரும்பும் நாள் ஹீத்ரோவில் விமானத்துக்குக் காத்திருந்தபோது மணிக்கூட்டைத் திருத்தினேன். லண்டன் நேரத்துக்கு நாலரையைக் கூட்டி முள்ளைத் திருகும்போதுதான் அப்பா அடிக்கடி சொல்லும் பழங்கதை ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இலங்கையிலும் மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்திருந்தார்களாம். அப்பா அப்போது ஸ்டேசனில் இளம் கிளார்க். யுத்தம் முடிய, ஏணி வைத்து ஏறி முள்ளைத் திருப்பியதே அவர்தானாம்.

நான் 1944இல் பிறந்தவள்.

என் சாதகத்தை எழுதியது அப்பா இல்லை, ஊர்ச் சாத்திரியார். அவர் அந்த நேரத்தைக் கழித்தாரா, மறந்தாரா? கழிக்காமல் எழுதியிருந்தால் நான் யார்? வந்து போன அந்தத் தாய்மார் எல்லோரும் எதற்குப் பயந்தார்கள்? விமானத்தில் தந்த சாப்பாட்டை நான் தொடவில்லை. மற்ற எல்லாவற்றையும் தாங்கிவிட்டேன். எல்லாம் ஒரு பிழைக் கணக்கு என்றால் தாங்கமாட்டேன் என்று தெரிந்தது. கேட்பதே இல்லை என்று முடிவு செய்துகொண்டு கட்டுநாயக்காவில் இறங்கினேன்.

வெள்ளவத்தை வீட்டில் அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்தார். முன்னால் என் சாதகக் கொப்பி விரித்துக் கிடந்தது. அவரும் அதே சந்தேகத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லையோ, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

“பயணம் எப்பிடி?” என்று கேட்கவில்லை. “நல்லாப் பாத்திட்டன் பிள்ளை” என்றார். “சாத்திரியார் யுத்த நேரத்தைக் கழிச்சுத்தான் எழுதியிருக்கிறார். ஒரு பிழையும் இல்லை. நீ ஆயில்யம்தான்.”

மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார். என் வாழ்நாளில் அந்த நட்சத்திரத்தின் பெயரைக் கேட்டு மனம் குளிர்ந்தது அன்றைக்கு மட்டும்தான். பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, சின்னவளின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா முதற்படத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிழையில்லாமல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.